தட்டிக்கு அந்தப் பக்கம்

"தமிழம்மா, உங்க பசங்கள்ல ரெண்டு பேரை எனக்குத் தர முடியுமா? புதன்கிழமை ஒரு பீரியடுக்கு மட்டும்." ஆசிரியர் அறை வாசலில் நின்றுகொண்டு, சாக்பீஸ் கேட்பதுபோல அத்தனை சாதாரணமாக ஹிஸ்டரி மிஸ் இதைக் கேட்டார். தோளில் பை, கையில் டிபன் பாக்ஸ், முந்தானையில் சாக்பீஸ் தூள். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து, "எதுக்கு?" என்றேன். "தலையாட்டறதுக்கு" என்றார். இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. அந்த எரிச்சலைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவரைப் பாராட்டி எழுத எங்கள் பள்ளியில் படித்த பிள்ளைகள் ஏராளமாக இருக்கிறார்கள். அந்த வேலையை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

நாங்கள் இருவரும் வேலை பார்த்தது தாம்பரம் பக்கத்தில் ஒரு கிறிஸ்தவ சபை நடத்தும் மேல்நிலைப் பள்ளியில். நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன். தமிழ் எடுப்பதால் பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் தமிழம்மா. பள்ளியில் எல்லோரும் என்னை அம்மா என்று கூப்பிட, அங்கேயே ஒன்பதாம் வகுப்பு படித்த என் ஒரே மகள் மட்டும் பள்ளி வாசலைத் தாண்டியதும் என்னை 'மிஸ்' என்பாள். இல்லாவிட்டால் கூடப் படிக்கிறவர்கள் கிண்டல் செய்வார்களாம். எனக்கு அதில் வருத்தம் உண்டு என்று அவளிடம் சொன்னதில்லை.

எங்கள் பள்ளியில் வெகுகாலமாக ஒரு வழக்கம். புதன்கிழமை கடைசிக்கு முந்தின பீரியட் மணி அடித்ததும் ஒன்பதாம் வகுப்பு இரண்டாகப் பிரியும். கிறிஸ்தவப் பிள்ளைகள் வேதபாடத்துக்கு வருவார்கள். மற்றவர்கள் நன்னெறி வகுப்புக்குப் போவார்கள். இரண்டும் பழைய கூடத்தில்தான் நடக்கும். நடுவே ஒரு மரத்தட்டி வைத்து மறைத்திருப்பார்கள். இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். மதியம் ஒரே டப்பாவில் எலுமிச்சை சாதம் பங்குபோட்டுத் தின்ற பிள்ளைகள், மணி அடித்ததும் ஆளுக்கொரு பக்கம் போய் உட்காருவதை யாரும் வித்தியாசமாக நினைத்ததில்லை. நானும் நினைத்ததில்லை.

வேதபாடம் என் பொறுப்பு. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. வசனம் மனப்பாடம், கதை, கேள்வி பதில் என்று சுத்தமாக நடத்துவேன். சபைப் பள்ளிகளுக்குள் நடக்கும் வேதப் போட்டியில் எங்கள் பிள்ளைகள் கோப்பை இல்லாமல் திரும்ப மாட்டார்கள். அந்தக் கோப்பைகளில் பாதி என் மகள் வாங்கியவை. தட்டிக்கு அந்தப் பக்கம் பி.டி. சார் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். பிள்ளைகள் கணக்கு ஹோம்வொர்க் முடிப்பார்கள், முடித்தவர்கள் தூங்குவார்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஆளில்லாததால் நான் நல்ல ஆசிரியையாக இருந்தேன்.

அப்போதுதான் ஹிஸ்டரி மிஸ் வந்து சேர்ந்தார். வீடு ராஜகீழ்ப்பாக்கம், கணவருக்கு பேங்க் வேலை. பெரிய பொட்டு, தலையில் தினமும் பூ, பிரதோஷம் தவறாமல் கோயில். என்னைவிட ஓரிரு வயது சின்னவராக இருக்கலாம். யாருக்கும் வேண்டாத வகுப்பைப் புதிதாக வந்தவர் தலையில் கட்டுவது எங்கள் பள்ளியில் மரபு. அப்படித்தான் நன்னெறி அவர் தலையில் விழுந்தது. சில வாரத்திலேயே அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. சிரிப்பைத் தாங்கிக்கொண்டேன், பிள்ளைகளைச் சிரிக்க வைப்பது என்ன பெரிய வித்தையா என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அப்புறம் சிரிப்பு குறைந்து அமைதி வந்தது. அது தூங்குகிற அமைதி இல்லை, ஒரு பிள்ளை பேச மற்றவர்கள் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிற அமைதி. பாடம் நடத்தியவர்களுக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். என் பக்கத்தில் ஒரு பையன் வசனத்தைக் கடகடவென்று ஒப்பித்துக்கொண்டிருக்க, நானே தட்டியைப் பார்த்துக் காதைத் திருப்பிக்கொண்டு நின்றேன்.

அவர் வகுப்பில் ஒரே ஒரு சட்டம். உன் வீட்டைப் பற்றி நீ பேசக் கூடாது. இன்னொரு வீட்டில் என்ன கும்பிடுகிறார்கள், ஏன் கும்பிடுகிறார்கள், அல்லது ஏன் கும்பிடுவதில்லை என்று போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து பேச வேண்டும். அந்த வீட்டுப் பிள்ளை எதிரே உட்கார்ந்து கேட்கும். 'ஆமாம், எங்கள் வீடு இப்படித்தான்' என்று அது தலையாட்டினால் பாஸ். ஆட்டாவிட்டால் மறுபடி கேட்டுவிட்டு அடுத்த புதன்கிழமை வர வேண்டும். மார்க் கிடையாது, சரி தப்பு என்று மிஸ் வாய் திறப்பதும் கிடையாது.

பொழிச்சலூரிலிருந்து வரும் ஒரு பையன் எழுந்து பேசியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "மிஸ், எங்க பக்கத்து வூட்டுல நோன்பு வெப்பாங்க. விடியறதுக்கு முன்னாடியே எழுந்து சாப்ட்ருவாங்க. அப்புறம் நாள் பூரா பட்டினி. சாயங்காலம் கஞ்சி. அவ்ளோதான்." எதிரே இருந்த முஸ்லிம் பெண் தலையாட்டவில்லை போலிருக்கிறது. "இன்னா மிஸ், கரெக்டாத்தானே சொன்னேன், ஆட்ட மாட்டேங்குறா" என்று அவன் புலம்ப, வகுப்பு சிரித்தது. அடுத்த வாரம் மறுபடி எழுந்தான். "அது பட்டினி இல்ல மிஸ். சோறு இல்லாம கிடந்தா பட்டினி. இவங்க வூட்டுல சோறு பக்கத்துலயே கீது. வேணாம்னு என்னால சொல்ல முடியும்னு தனக்குத்தானே காட்டிக்கிறாங்க. அதுக்கப்புறம் அவங்க அம்மா கஞ்சிய மொதல்ல எங்க வூட்டுக்குத்தான் குடுத்தனுப்புவாங்க, அதையும் சேர்த்துச் சொல்லணும்."  ஒரே கைதட்டல். அவள் தலையாட்டியிருக்கிறாள் என்று தட்டிக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கே தெரிந்துவிட்டது. சாமியே இல்லை என்று சொல்கிற ஒரு அப்பாவின் மகனும் அந்த வகுப்பில் உண்டு. அவன் வீட்டைப் பற்றிப் பேசப் பெண்கள் போட்டி போட்டார்கள்.

அவருக்கு இருந்த ஒரே குறை, கிறிஸ்தவ வீடுகளைப் பற்றி யாராவது பேசினால் தலையாட்ட ஆளில்லை. அந்தப் பிள்ளைகள் எல்லோரும் என்னிடம் இருந்தார்கள். அதனால்தான் இரண்டு பேரைக் கேட்டு வந்தார். தலைமையாசிரியரிடம் போய் முறையிட்டு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எனக்கு ஒரு ஆசை வந்தது. நம் விசுவாசத்தைப் பற்றி யார் என்ன தப்பாகப் பேசினாலும் சரியாகத் திருத்த ஒருத்தி போகட்டும் என்று என் மகளையே அனுப்பினேன். வேதபாடம் நடத்துகிற ஒரு தாய்க்குத்தான் இப்படி ஒரு யோசனை தோன்றும். கூட இன்னொரு பெண்ணையும் அனுப்பினேன், துணைக்கு.

முதல் நாள் என் மகள் பிரகாசமாக வீட்டுக்கு வந்தாள். சர்ச்சில் அப்பமும் திராட்சைரசமும் கொடுக்கும் திருவிருந்தை யாரோ பிரசாதம் மாதிரி என்று சொன்னார்களாம். இவள் தலையாட்ட மறுத்துவிட்டாளாம். எனக்குப் பெருமையாக இருந்தது. சாப்பிடும்போது கேட்டாள்: "அம்மா, திருவிருந்துல நிஜமா என்ன நடக்குது?" நான் வேதபாடக் கேள்வி பதிலில் இருப்பதைச் சொன்னேன். "அது எனக்கும் தெரியும்மா. மனப்பாடமே பண்ணிருக்கேன். உனக்கு என்ன நடக்குது?" எனக்கு அந்தக் கேள்வி பழக்கமில்லை. குழம்பு போடவா என்று கேட்டேன்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் 'மிஸ் சொன்னாங்க' என்று ஆரம்பிக்காத பேச்சே இல்லை. மிஸ் என்றால் நான் இல்லை. காலையில் தலை பின்னும்போது மிஸ், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வரும்போது மிஸ். நான் புதுச்சேலை கட்டினால் பார்க்காதவள் அவர் கட்டியிருந்த சுங்குடிச் சேலையின் நிறத்தைச் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கணவர், "உனக்கு அந்த மிஸ்ஸைப் பிடிக்கலையா, இல்ல ரொம்பப் பிடிச்சிருக்கா? நாள் பூரா நீயும் அவங்களைப் பத்தித்தான் பேசற" என்று கேலி செய்தார். நான் அவருக்கு அன்றைக்குத் தோசை போடவில்லை. போதாததற்கு, ஹிஸ்டரி மிஸ் செய்ததையே நானும் என் வகுப்பில் செய்துபார்த்தேன். "உங்க தெருவுல வேற மதத்துக்காரங்க வீட்டைப் பத்திச் சொல்லுங்க" என்றேன். பிள்ளைகள் கைகட்டி உட்கார்ந்து, எனக்கு என்ன பதில் பிடிக்கும் என்று என் முகத்தைப் பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் எழுந்து, "அவங்க பாவம் தமிழம்மா, அவங்களுக்காக ஜெபம் பண்ணணும்" என்றாள். அப்படிச் சொல்லப் பழக்கியது நான்தான். மறுபடி வசனத்துக்கே திரும்பினேன்.

அந்த வருடம் என் மகளுக்குத் திடப்படுத்தல். எங்கள் சபையில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது அதற்காகப் பெற்றவர்கள் வாக்குக் கொடுப்போம். அது வளர்ந்த பிறகு, பேராயர் முன்னால் நின்று, இந்த விசுவாசம் என்னுடையது என்று தன் வாயால் சொல்லும் நாள்தான் திடப்படுத்தல். அதன் பிறகுதான் திருவிருந்தில் பங்கு. நான் அந்த நாளுக்காக அவள் பிறந்ததிலிருந்து காத்திருந்தேன். மேற்குத் தாம்பரத்தில் தேடி அலைந்து வெள்ளைத் துணி எடுத்துத் தைக்கக் கொடுத்திருந்தேன். அவளோ எங்கள் சபை ஆயர் நடத்திய ஆயத்த வகுப்புக்குத் தலைவலி என்றாள், டெஸ்ட் என்றாள். ஒரு நாள், "அடுத்த வருஷம் பண்ணிக்கலாமாம்மா?" என்று கேட்டாள். ஏன் என்றால் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டாள்.

ஒரு சாயங்காலம் கணக்கு டியூஷனிலிருந்து அவளைக் கூட்டிவர ராஜகீழ்ப்பாக்கம் போனேன். பஸ் ஸ்டாப் ஓரமாக அவளும் ஹிஸ்டரி மிஸ்ஸும் நின்றிருந்தார்கள். இருவர் கையிலும் வேர்க்கடலைப் பொட்டலம். என் மகள் பேசிக்கொண்டே இருந்தாள், கையை ஆட்டி ஆட்டி, நடுவில் கண்ணைத் துடைத்துக்கொண்டு. அவர் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் பார்த்தபடி நின்றேன். என்னிடம் அவள் அப்படிப் பேசி எத்தனையோ காலமாகியிருந்தது. என்னைக் கண்டதும் பேச்சு நின்றுவிட்டது. "போலாமா மிஸ்?" என்றாள், பள்ளியில் இருப்பதாக நினைத்துக்கொண்டு.

மறுநாள் ஆசிரியர் அறையில் நேராகவே கேட்டேன். "என் பொண்ணு உங்ககிட்ட என்ன சொன்னா?" அவர் கொஞ்சம் யோசித்தார். "அவ சொன்னத நான் சொல்றது நல்லா இருக்காது தமிழம்மா. அவளே உங்ககிட்ட சொல்லுவா. எப்படிச் சொல்றதுன்னுதான் தவிச்சுக்கிட்டு இருக்கா." எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "அவ திடப்படுத்தல் வேணாம்னு சொல்றா. நீங்கதான் மனச மாத்தறீங்களா?" அவர் கோபப்படவில்லை. "உங்க சாமிய விடச் சொல்லி நான் ஏங்க சொல்லப்போறேன்? என் சாமிக்கே நான் ஒழுங்கா வெளக்கேத்தறதில்ல. அவ கேக்கறா, நான் கேட்டுக்கறேன், அவ்வளவுதான்." எனக்கு அதுதான் தாங்கவில்லை. அவர் மதம் மாற்றப் பார்த்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தவரிடம் என்ன சண்டை போடுவது?

அதற்கடுத்த புதன்கிழமை என் மகள் தட்டியைத் தாண்டி வந்து, "மிஸ், இன்னிக்கு நீங்க வந்து தலையாட்டணும். வருவீங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். என் பிள்ளைகளுக்கு வசனம் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் போனேன். முன்பெஞ்சில் எனக்கு இடம் விட்டிருந்தார்கள். ஹிஸ்டரி மிஸ் ஜன்னல் ஓரமாக நின்றார். என் மகள் கரும்பலகைக்கு முன்னால் போய் நின்றாள். "சட்டம் ஞாபகம் இருக்குல்ல? சொந்த வீட்டைப் பத்திப் பேசக் கூடாது" என்றார் மிஸ். "தெரியும் மிஸ். இது என் வீடு இல்ல. எங்க அம்மா வீடு. நான் அதே வீட்டுல இருக்கேன், அவ்ளோதான்." பிள்ளைகள் சிரித்தார்கள்.  அவள் இரண்டு மாதமாக என்னிடம் சொல்லாததை அந்த வரியில் சொல்லி முடித்துவிட்டாள்.

"எங்க அம்மா காலைல காய் நறுக்கிட்டே ஜெபம் பண்ணுவாங்க. முழங்கால்ல நிக்க அப்போ நேரம் இருக்காது. அட்டெண்டன்ஸ் எடுக்கற மாதிரி ஒவ்வொரு பேரா வரும். இங்க இருக்கற எல்லார் பேரும் வரும். தட்டிக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு பிரிக்க மாட்டாங்க. யாருக்கு என்ன கஷ்டம்னு சொல்லுவாங்க, அதெல்லாம் நான் சொல்ல மாட்டேன்." என் பக்கம் திரும்பினாள். "போன மழையில எங்க தெருவுல தண்ணி ஏறிச்சு. வாசப்படியோட நிக்கணும்னு அம்மா ஜெபம் பண்ணாங்க. நிக்கல. உள்ள வந்து ஃப்ரிட்ஜ்கூட மிதந்துச்சு. நாங்க கட்டில் மேல உக்காந்திருந்தோம். அப்பவும் அம்மா ஸ்தோத்திரம்னாங்க. கேட்டது கெடைக்கல, எதுக்கு ஸ்தோத்திரம்னு எனக்குக் கோவமா வந்துச்சு. அம்மா பயத்துல சொல்றாங்கன்னு ரொம்ப நாள் நெனச்சேன். அது தப்பு. அவங்க எதையும் வாங்கறதுக்காக ஜெபம் பண்ணல. பேசறாங்க, ஒருத்தர் கேக்கறாரு. அதுக்காகத்தான் பண்றாங்க. அந்த ஒருத்தர் இருக்காரான்னு எனக்குத் தெரியல. நான் பேசினா யாரும் கேக்கற மாதிரி இல்ல. நானும் எவ்ளோ ட்ரை பண்ணிட்டேன். ஆனா அம்மா பேசும்போது கேக்கறாரு. அது அவங்க மூஞ்சில தெரியும். அதை எடுத்துட்டா எங்க அம்மா எங்க அம்மாவாவே இருக்க மாட்டாங்க." முடிந்துவிட்டது என்று காட்ட அவள் கையைக் கட்டிக்கொண்டாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் விசுவாசத்தைப் பற்றி யாரும் அவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. ஆயர் சொன்னதில்லை, கட்டிய கணவர் சொன்னதில்லை, நானே எனக்குச் சொல்லிக்கொண்டதில்லை. திருவிருந்தில் உனக்கு என்ன நடக்கிறது என்று அவள் கேட்டபோது குழம்பு ஊற்றப் போன எனக்கு, அவளே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டாள். தலையாட்டினால், இந்த விசுவாசம் அவளுடையது இல்லை என்பதையும் சேர்த்து ஒப்புக்கொண்டதாகும். ஆட்டாவிட்டால் என் பொய்க்காக அவள் மறுபடி கேட்டுவிட்டு வர வேண்டும். ஜன்னல் பக்கம் பார்த்தேன். ஹிஸ்டரி மிஸ் என்னைப் பார்க்கவில்லை; வெளியே பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான், அந்தத் தமிழில் மனசைத் திறந்து பேச இடம் கொடுத்தவர் அவர் என்று அந்த நேரத்திலும் எனக்குப் பொறாமை பொங்கியது. தலையாட்டினேன். அந்த வகுப்பில் அன்று மட்டும் யாரும் கைதட்டவில்லை. நான் என் பக்கம் திரும்பியபோது என் பிள்ளைகள் ஒருவரும் வசனம் படித்துக்கொண்டிருக்கவில்லை. ஒரு பெண், "தமிழம்மா, நெஜமாவே எங்க பேரெல்லாம் சொல்லுவீங்களா?" என்று கேட்டாள். 

சாயங்காலம் இருவரும் சானடோரியம் ஸ்டேஷன் படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தோம். "கோவமாம்மா?" என்றாள். "வீட்டுல சொல்லியிருக்கலாமே" என்றேன். "வீட்டுல சொன்னா நீ பதில் சொல்லுவ. அங்க பதில் சொல்ல முடியாது, கேட்டுத்தான் ஆகணும்."  மேலே ஏறியதும் மூச்சு வாங்க நின்றாள். "இன்னொண்ணு இருக்கும்மா. வேணும்னேதான் விட்டுட்டேன். நீ தினமும் ஹிஸ்டரி மிஸ்ஸுக்கும் ஜெபம் பண்ற. அவங்களுக்கு வேற ஊருக்கு மாத்தல் கெடைக்கணும்னு. மெதுவாத்தான் சொல்லுவ, ஆனா கேக்கும்." எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவள் சிரித்துக்கொண்டே என் கைப்பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

என் ஜெபங்களில் அதைப்போல் உடனே கேட்கப்பட்டது வேறில்லை. அந்தக் கோடை விடுமுறைக்குள் பேங்க்காரக் கணவருக்குக் கோயம்புத்தூர் மாற்றல் வந்து ஹிஸ்டரி மிஸ் போய்விட்டார். வெள்ளைத் துணியில் தைத்ததை என் தங்கை மகள் போட்டுக்கொண்டு திடப்படுத்தலுக்கு நின்றாள். நன்னெறியும் என் தலையில் வந்து விழுந்தது. இப்போது புதன்கிழமைகளில் தட்டியை மடக்கி ஓரமாகச் சாய்த்துவிட்டு இரண்டு பக்கத்துப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்கார வைக்கிறேன். சட்டம் அதே சட்டம்தான். அதை யார் ஆரம்பித்தது என்று பிள்ளைகள் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை.

என் மகள் இன்று சிறுசேரியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். சர்ச்சுக்குப் போவதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நான் வீடு வந்து சேரும் நேரம் தெரிந்து ஃபோன் செய்வாள். பிரசங்கம் என்ன என்று கேட்டு, நான் சொல்வதை முழுவதும் கேட்டுக்கொள்வாள். அது எனக்குப் போதும் என்று சொல்லத்தான் ஆசை. போன மாதம் அவள் வேறு கம்பெனிக்கு மாறினாள். அந்தச் செய்தி எனக்கு வருவதற்கு முன்னாலேயே கோயம்புத்தூருக்குப் போய்விட்டது என்பது பேச்சோடு பேச்சாகத் தெரிந்தது. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

காலையில் காய் நறுக்கும்போது இப்போதும் பெயர்கள் வருகின்றன. புதுப்பிள்ளைகள், பழைய பிள்ளைகள், என் மகள், அவளுக்குப் பின்னாலேயே ஹிஸ்டரி மிஸ். அவருக்காக நான் இப்போது உண்மையாகவே ஜெபம் பண்ணுகிறேன். அவர் உடம்பு சுகமாக இருக்கட்டும், எந்நேரமும் பிள்ளைகள் அவரைச் சுற்றி நின்று பேசட்டும், ஒரு குறையும் இல்லாமல் இருக்கட்டும், கோயம்புத்தூரிலேயே இருக்கட்டும்.